தக்காளிக்கு மேலே கட்டிய நாடா

பழைய கசெற்றை உடைத்து, நாடாவை உருவி, தோட்டத்துக்கு மேலே இழுத்துக் கட்டினால் குருவி வராது. எங்கடை பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வேலை இது. சும்மா கட்டினால் போதாது. ஒரு முனையைக் கம்பில் முடிந்துவிட்டு மற்றக் கம்புக்குப் போகும்போது நாடாவை இரண்டு மூன்று தரம் முறுக்கவேண்டும். முறுக்கினால்தான் வெயிலில் மின்னும், காற்றில் இரையும். மனிதருக்கு அது பெரிதாகக் கேட்காது. குருவிக்குக் கேட்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறதைக் கேட்டவர்கள் எல்லாரும், மனுசிக்கு என்ன விசரோ என்றுதான் கேட்டார்கள். எனக்கு விசர் ஒன்றும் இல்லை. செய்தது சரியான தோட்டவேலை. நாடாதான் என்னுடையது இல்லை.

ஊரில் சண்டை நின்று, பாதை திறந்து சனம் போய்வரத் தொடங்கின காலம். மகன் இங்கே மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய மாடிவீடு வாங்கினான். கீழே நான், மகன், மருமகள். மேலே ஒரு வெள்ளைக்காரர். அவர் வீட்டோடு வந்தவர். முந்தின சொந்தக்காரர் காலத்திலிருந்து இருக்கிறார், சட்டப்படி எழுப்ப ஏலாது என்று மகன் சொன்னான். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார். நரைத்த தலைமயிரைப் பின்னால் றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார். துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் வேலைசெய்து ஓய்வெடுத்தவர். எந்த நாடு என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கடை யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டின ஆக்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு ஒல்லாந்தர் என்று பெயர்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. இரண்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கிவிட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெல்ல எழுதுவேன். இங்கே வந்து சென்ட் லோரன்டில் ஒரு தலையணை உறை தைக்கிற இடத்தில் எட்டு வருஷம் இருந்ததில் இங்கிலிஷும் பிரெஞ்சும் காதால் கொஞ்சம் பிடிபட்டது. எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒருவருக்கும் சொன்னதும் இல்லை. ஆராவது கடதாசியை நீட்டினால் வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். பின்னேரம் மருமகள் வாசிப்பாள். அவளிடமும் "கண்ணாடி தெளிவில்லைப் பிள்ளை, என்னெண்டு பார்" என்றுதான் கொடுப்பேன். அவள் கெட்டிக்காரி. ஒருநாளும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஒல்லாந்தருக்கு முதன்முதல் நான் கொண்டுபோய்க் கொடுத்தது பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். வீட்டுக்காரி என்ற எண்ணம் எனக்கு இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் மறுநாள் கோப்பையைக் கழுவித் துடைத்து வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. எங்கடை ஆக்கள் வெறுங்கோப்பை திருப்பிக் கொடுக்கிறதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் நாலு அப்பிள் வாங்கி அதில் வைத்துக்கொண்டு வந்தார். பேந்து அது பழக்கமாகிவிட்டது. கறி மேலே போகும், பழம் கீழே வரும். மேலே போனால் அவர் ஒரு கதையும் சொல்லுவார். இரண்டு பாஷையையும் கலந்து, கையாலும் காட்டிக் கதைப்பார். நான் விளங்கினதைத் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன். அதனால் அவர் வாயில் இங்கே தமிழ் வருகிறது.

அவர் இளந்தாரியாக இருந்தபோது ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். மீன் புகைபோடுகிற ஒரு பழைய கொட்டிலை வாடகைக்கு எடுத்து அதற்குள் பழகினார்கள். சட்டையில் எப்போதும் மீன் மணக்குமாம், பெட்டைகள் கிட்ட வரமாட்டார்களாம். இடித்த தேவாலயம் ஒன்றிலிருந்து ஓர் ஓர்கன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை வாசித்தவர்தான் இவருடைய உற்ற சிநேகிதர். இவர் மேளம். மேளத்தோடு ஒலிப்பதிவு மெஷினும் இவர் பொறுப்பு. கப்பல் ஊதுகிற சத்தம், மாடு கத்துகிற சத்தம், தையல் மெஷின் சத்தம் எல்லாவற்றையும் பிடித்து, பின்னுக்கிருந்து முன்னுக்கு ஓடவிட்டு, அதற்கு மேலே வாசிப்பார்களாம். ஒரு பாட்டு ஒரு மணித்தியாலம் போகும். பின்சுவரில் கலர் எண்ணெயைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி வெளிச்சம் விட்டு ஊரவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் நாக்கில் போதைமருந்து ஊறின ஒரு சின்னக் கடதாசித் துண்டை வைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பார்கள். அதை வைத்தால் சுவர் மூச்சு விடுமாம். நீங்களும் வைத்தனீங்களோ என்று கேட்டேன். "வைக்காமல், மதாம்? சுவரோடை கதைச்சுமிருக்கிறன்" என்றார்.

இரண்டு இசைத்தட்டுப் போட்டார்கள். முதலாவது கொஞ்சம் விற்றது. இரண்டாவதில் ஒரு பக்கம் முழுக்க மழைச்சத்தம். வாங்கினவர்கள் பழுதென்று திருப்பிக் கொண்டுவந்தார்களாம். எனக்கு இதெல்லாம் வேலையில்லாதவர்களின் கூத்தாகத்தான் பட்டது, அதை அவரிடம் சொல்லியுமிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. அவருடைய தகப்பனும் அதையேதான் சொன்னவராம்.

கடைசியாக அவர்கள் வாசித்தது இங்கே, மொன்றியலில், பனிக்காலத்தில், ஒரு கோயில் மண்டபத்துக்குக் கீழே. வந்தது முப்பது பேர்கூட இல்லை. அன்றைக்கு ஓர்கன்காரர், அதுவரை வாய் திறந்து பாடாதவர், திடீரென்று பாடினாராம். நெடுநேரம் பாடினாராம். அடுத்த கிழமை ஊருக்குத் திரும்பிப் போனார். போன மாதத்திலேயே கடலில் விழுந்து இறந்துபோனார். விழுந்தாரா, இறங்கினாரா என்று இவருக்குத் தெரியாது. குழு அதோடு சரி. இவர் இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அன்றைக்குப் பாடினதை இவர் தன் மெஷினில் பிடித்து வைத்திருந்தார். நாலு தகரப்பெட்டி. முப்பது வருஷமாக ஒருதரமும் போட்டுக் கேட்கவில்லை. ஏனென்று கேட்டேன். "பேந்து பார்ப்பம் எண்டு விட்டன்" என்றார்.

இப்படி இருக்கும்போது, ஐரோப்பாவில் சில இளம் ஆக்கள் அந்தக் குழுவின் பழைய தட்டுக்களைத் தேடத் தொடங்கினார்கள். குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி, நாடாவில் உள்ளதையும் சேர்த்து வெளியிடுவதற்கு இரண்டு பேர் செப்டெம்பரில் வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினார். நான் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

ஜூன் கடைசியில் ஒல்லாந்தர் கோடைக்கு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். அது கடற்கரைப் பக்கம், தூரம். மேல்வீடு கோடையில் அடுப்புப்போல் கொதிக்கும். அதனால் தன் சாமான் கொஞ்சத்தை எங்கள் நிலவறையில் படிக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். உடைந்த விளக்கு, பழைய பேப்பர்க் கட்டு, ஒரு நொண்டிக் கதிரை, அதோடு நாலு வட்டத் தகரப்பெட்டி. மகளுடைய கார் வெளியே நிற்கிறது, அவருக்கு அவசரம். இதை இதை எறியலாம், இதை இதை வைத்திருக்கவேண்டும் என்று விறுவிறென்று சொன்னார். எனக்குப் பாதி பிடிபடவில்லை, எறியலாம் என்றதுதான் காதில் நின்றது. எல்லாம் எழுதியிருக்கு என்று ஒரு கடதாசியைத் தந்து, விளங்குகிறதா மதாம் என்று கேட்டார். நான் கடதாசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு "யெஸ், யெஸ், வுய்" என்றேன். அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் சொல்லட்டுமா என்றுதான் நின்றிருக்கவேண்டும். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு விளங்காது என்று நினைக்கிறாரோ என்று வந்தது. கையைக் காட்டி, போங்கோ, போங்கோ என்று அனுப்பினேன்.

அந்தக் கடதாசியை மருமகளிடம் கொடுக்க நினைத்துத்தான் சட்டைப்பைக்குள் வைத்தேன். அது உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் போய்க் கஞ்சியாகிவிட்டது.

ஜூலை முதலாம் திகதி இந்த ஊர் முழுக்க வீடு மாறுகிற நாள். கட்டில், மேசை, பானை, சட்டி எல்லாம் தெருவோரத்தில் கிடக்கும். வேண்டியவன் வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போவான். அதிலே கூச்சமில்லை. நாங்களும் வந்த புதிதில் அப்படித்தான் ஒரு சோபா எடுத்தோம். அன்றைக்கு நானும் ஒல்லாந்தரின் சாமானைப் படியடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தெருவுக்கு இழுத்தேன். கடைசியில் தகரப்பெட்டி. திறந்து பார்த்தேன். உள்ளே பெரிய சில்லில் சுற்றிய நாடா. கசெற் நாடாவைவிட அகலம். ஒரு பக்கம் மண்ணிறம், மற்றப் பக்கம் நல்ல மினுக்கம். அந்த வருஷம் என் தக்காளிக்கு மேலே கறுத்தக் குருவிக் கூட்டம் வந்து இறங்கிக் காயிலேயே கொத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல நாடாவை ஆராவது எறிவார்களா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். இது அவர் சொன்ன அந்த நாடாவாக இருக்குமோ என்றும் ஒரு மூலையில் வந்தது. ஆனால் அவர் எறியச் சொன்ன விளக்கோடு இதுவும் இருந்தது. நான் யெஸ் சொன்னவள். யெஸ் சொன்னபிறகு ஆரிடம் போய்க் கேட்பது?

இரண்டு நாள் வேலை. கம்பு நட்டு, பாகல் பந்தலிலிருந்து வேலி வரைக்கும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் பயற்றங்காய்க்கும் மேலே குறுக்கும் மறுக்குமாக இழுத்தேன். முறுக்கி முறுக்கிக் கட்டினேன். காற்று வந்தபோது பின்வளவு முழுக்க வண்டு பறக்கிறதுபோல் இரைந்தது. ஒரு குருவி வரவில்லை. சில்லைக் குப்பையில் போட்டேன். தகரத்தில் மோர்மிளகாய் காயவைத்தேன். அந்த வருஷத்துத் தக்காளி உள்ளங்கை கொள்ளாது. வந்த சொந்தக்காரர் எல்லாரும் வேலியடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மச்சாள், இது தோட்டமா கலியாணப் பந்தலா என்று கேட்டாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் மகளின் காரில் ஒல்லாந்தர் திரும்பி வந்தார். வெயிலில் கறுத்து, நல்ல சந்தோசத்தோடு வந்தார். முன்வாசலில் நின்று எனக்கு ஒரு போத்தல் பழப்பாணி தந்துவிட்டுக் கேட்டார்.

"மதாம், என்ரை நாலு பெட்டியும் கீழைதானே இருக்கு?"

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் பத்து அடியில் அது இரைந்துகொண்டிருக்கிறது. எனக்கு இப்போது கேட்கிறது, அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். மன்னிக்கவேணும், பிழை நடந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். இங்கிலிஷில் அந்தச் சொல் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஆரையும் இடித்தால் சொல்லுகிற சொல்தானே. நான் சொன்னது வேறு.

"என்ன பெட்டி? நீங்கள் விளக்கும் கதிரையும்தான் தந்தனீங்கள். பெட்டி ஒண்டும் கொண்டுவரேல்லை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மெல்ல மாறியது. கடதாசியில் எழுதினேனே என்றார். விளக்கும் கதிரையும்தான் எழுதியிருந்தது என்று, வாசித்தவளைப்போல் சொன்னேன்.

அவரும் மகளும் சாப்பிட வெளியே போனார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நான் பின்வளவுக்கு ஓடினேன். அவிழ்க்க நேரமில்லை. கத்தியால் கண்ட கண்ட இடத்தில் அறுத்து, உருட்டி, தகரங்களோடு அரிசிச் சாக்குக்குள் திணித்து, நிலவறையில் பழைய போர்வைக்குக் கீழே தள்ளினேன். பின்மாடத்தில் நின்று அவர் பார்க்கும்போது வெறும் கம்புதான் நின்றது.

மகன் இரண்டாம் நாள் கண்டுவிட்டான். கம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒல்லாந்தர் தன்னிடமும் பெட்டி கேட்டதாகச் சொன்னான். அவன் குரலைக் குறைத்து, "அம்மா, வாயைத் திறவாதேங்கோ. வாடகைக்கு இருக்கிறவன்ரை சாமானை வீட்டுக்காரர் தொட்டால் இங்கை வழக்கு" என்றான். அவன் பயம் அவனுக்கு. அவன் சொன்னபடியால்தான் நான் பேசாமலிருந்தேன் என்று சொல்லமாட்டேன். அவன் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையைத்தான் நான் முக்கியமாக எழுதவந்தேன்.

முதலில் அவர் எங்கள் படியடியைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் வீட்டைக் கவிழ்த்துத் தேடினார். மேலே சாமான் இழுபடுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். பேந்து மகளுடைய வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துத் தேடச் சொன்னார். ஒரு கிழமை போனதும் சத்தம் நின்றுவிட்டது. நான் கோப்பையோடு மேலே போனேன். பெட்டி கிடைத்ததா என்று கேட்டேன். அப்படிக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது. அவர் கதிரையில் இருந்துகொண்டு, "எனக்கு அந்தப் படி தெரியுது மதாம். உங்கடை படிக்குக் கீழை நான் குனிஞ்சு வைக்கிறது தெரியுது. நடக்காத ஒண்டு இவ்வளவு தெளிவாத் தெரியுது" என்றார்.

அவருடைய தாய் கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோனவவாம். சாமான் வைத்த இடம் மறப்பதில் தொடங்கி, பிள்ளைகளின் பெயரில் முடிந்ததாம். அதை அவர் முந்தி ஒருதரம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் குளிர்ப்பெட்டிக் கதவில் புதிதாகக் கடதாசித் துண்டுகள் ஒட்டியிருந்தன. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் என்னவென்று விளங்கியது. அடுத்த தரம் போனபோது அது இரண்டு மடங்காகியிருந்தது. அடுப்புக்கு மேலே ஒன்று, கதவுப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று.

டொக்டரிடம் போனார். நாள், மாதம் எல்லாம் கேட்டு, மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார்களாம். சரியாகக் கீறினேன், ஆனால் இரண்டு தரம் அழித்துக் கீறினேன் என்றார். ஒருநாள் காலமை படியிறங்கி வந்து என் குசினிக் கதவைத் தட்டினார்.

"மதாம், நேற்று உங்கடை கோப்பையைத் திருப்பித் தந்தனானோ?"

"தந்தனீங்கள்."

"வெறுமையாவோ?"

"இல்லை. பியர்ஸ் பழம் வைச்சுத் தந்தனீங்கள்."

அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டுவிட்டு மேலே போனார். நான் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் நின்றேன். குழம்பு அடிப்பிடித்து மணக்கும்வரை நின்றேன். ஒரு மனிதனின் புத்தியை நான் பிடுங்கி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. சாக்கு கீழேதான் இருக்கிறது, பன்னிரண்டு படி. தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் போட அரை நிமிஷம் போதும். இரண்டு தரம் இறங்கினேன். இரண்டு தரமும் வெறுங்கையோடு ஏறினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தொடங்காமல் அந்தக் கதையைச் சொல்ல ஏலாது. அதைச் சொல்லுகிறதைவிட அவர் விசரன் ஆகட்டும் என்று என் மனம் இருந்தது. வேறு எப்படி எழுதினாலும் பொய்.

செப்டெம்பரில் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும், முப்பது வயதுக்காரர். நாடா ஓடவிடுகிற பாரமான மெஷின் ஒன்றையும் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கே செப்டெம்பரில் சில நாள் கோடை திரும்பி வரும். அன்றைக்கு அப்படி ஒரு வெக்கை. மேலே இருக்க ஏலாமல், உங்கடை பந்தலுக்குக் கீழே இருக்கலாமோ என்று ஒல்லாந்தர் என்னிடம் கேட்டார். நான் கதிரை போட்டு, வடை சுட்டு, தேத்தண்ணி கொண்டுபோனேன். பந்தியில் கவனிப்பதுபோல் கவனித்தேன்.

அவர்கள் பழைய கதையெல்லாம் கேட்டார்கள். மீன் கொட்டில், ஓர்கன், மழைச்சத்தம். அவர் நன்றாகச் சொன்னார், அவர்கள் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். பேந்து அந்த இளம்பெடியன் பேனாவை வைத்துவிட்டுக் கடைசி நாள் நாடாவைப் பற்றிக் கேட்டான். அன்றைக்கென்று எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கியது.

"நான் எங்கையோ வைச்சிட்டன். எங்கையெண்டு தெரியேல்லை. என்ரை தலை இனிச் சரிவராது, அம்மாவுக்கு வந்ததுதான்" என்றார் ஒல்லாந்தர்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து பாகற்காயைப் பார்க்கிறவள்போல் பந்தல் கம்படிக்குப் போனாள். இலையை விலக்கினாள். அங்கே, நான் அவசரத்தில் அறுத்த இடத்தில், முடிச்சோடு ஒரு முழம் நாடா விட்டுப்போயிருந்தது. காற்றில் அது மெல்ல ஆடினது. அவள் அதை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். இப்படி நாடாவைக் கையில் பிடித்தே வளர்ந்த ஆக்கள். அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒல்லாந்தர் எழுந்தார். நாடாவைப் பார்த்தார். கம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேந்து வடைத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இப்ப ஞாபகம் வருது. நான்தான் குடுத்தனான், மதாமுக்கு. குருவி கலைக்க."

நான் உள்ளே போய்ச் சாக்கைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கு அது சாட்சியாகப் போய்விட்டது. இளம் ஆக்கள் இரண்டு பேருக்கும் முதலில் அதிர்ச்சி, பிறகு அவர்களும் சிரித்தார்கள். இந்தக் குழுவுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது என்றார்கள். சாக்கைக் கிளறிப் பார்த்த பெடியன் மட்டும் பெருமூச்சு விட்டான். மழையும் வெயிலும் பட்டாலும் முழு நாடாவாக இருந்திருந்தால் கனக்க மீட்டிருக்கலாம், இப்படித் துண்டு துண்டாக அறுத்தது ஏன் என்று கேட்டான். அதற்கும் ஒல்லாந்தர்தான் ஏதோ பதில் சொன்னார். பேந்து அந்தப் பெண் என்னைத் தக்காளித் தட்டோடு பந்தலுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன்.

புத்தகம் வர ஒரு வருஷத்துக்கு மேலே சென்றது. சுனாமி வந்த பனிக்காலத்துக்குப் பிறகு என்று நினைவு. தடித்த புத்தகம், பின்மட்டையில் ஒரு சீடி. மருமகள் போட்டாள். அந்தச் சாக்கிலிருந்து அவர்கள் மீட்டெடுத்தது சில நிமிஷம்தான். ஆரோ இருமுகிறார்கள். கதிரை இழுபடுகிறது. பிறகு மேளம், தூரத்தில். பாட்டு இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில் நான் தக்காளியோடு நிற்கிறேன். தன் குழுவின் கடைசி நாடாவை மேளக்காரர் தானே வீட்டுக்காரக் கிழவிக்குத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று கீழே எழுதியிருக்கிறதாம். மருமகள் அந்தப் படத்தை வெட்டிச் சட்டம் போடட்டுமா மாமி என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொந்தக்காரர் நாலு பேர் ரெலிபோன் எடுத்துப் புகழ்ந்தார்கள்.

அதற்குச் சில மாதம் பிறகு ஒருநாள் கோப்பையோடு மேலே போனேன். மேசையில் என் முகம் கிடந்தது. புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம். என் சிரிப்புக்கு மேலே சிவப்பு மையால் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் வெளிநாட்டு முத்திரை ஒட்டின கடித உறை. ஆர் அனுப்பினது என்று கேட்டேன். ஓர்கன்காரரின் தங்கச்சி என்றார். தமையன் பாடினதை ஒருதரம் கேட்டுவிட்டுச் சாக வேணும் என்று முப்பது வருஷமாக இருந்தவவாம்.

"என்ன எழுதியிருக்கிறா?"

அவர் சொல்ல விரும்பவில்லை. நான் போகாமல் நின்றேன்.

"குருவிகளுக்கு என்ரை அண்ணனைப் பிடிச்சுதோ எண்டு கேட்டிருக்கிறா."

நான் கீழே வந்து மருமகளை இருத்தி, கடதாசி எடுக்கச் சொன்னேன். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும், இனிக் கண்ணாடி என்று சொல்லமாட்டேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். யெஸ் சொன்னதிலிருந்து சாக்கு வரைக்கும், அந்த மூன்று கிழமையும் சேர்த்து. அந்தத் தங்கச்சிக்கு இதை அப்படியே எழுது, இவர் கொடுக்கவில்லை, நான் எடுத்தேன் என்று எழுது என்றேன். அவள் கடதாசியை மேசையில் நேராக்கி வைத்தாள். பிறகு, "மாமி, படம் எடுக்கேக்கை சிரிச்சனீங்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுதினாள். கடைசியில் நான் என் பெயரைத் தமிழில் வைத்தேன்.

விலாசம் ஒல்லாந்தரிடம்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் யன்னலடியில் நின்று இரண்டு தரம் வாசித்தார். பிறகு, இதை அனுப்பமாட்டேன் என்றார். ஏனென்று கேட்டேன். அப்படியே, அன்றைக்கு ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்றும் கேட்டேன்.

"உங்களுக்காக இல்லை, மதாம். அந்த நாடாத்துண்டைக் கண்ட உடனை எனக்கு என்ன வந்தது தெரியுமோ? சந்தோசம். என்ரை தலை சரியா இருக்கு, நான் அம்மாவைப்போல ஆகேல்லை எண்ட சந்தோசம். அவன்ரை குரல் போட்டுது, நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அதை அவன்ரை தங்கச்சிக்கு எப்பிடி எழுதிறது? அவ திட்டுறது எனக்கு வேணும்."

அது உங்கள் குற்றம் இல்லை, அந்தப் பயத்தை உங்களுக்குத் தந்தவள் நான்தான், கடிதத்தில் எழுதியிருக்கிறதே என்றேன். வாசித்தேன் என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோப்பையை எடுத்து, உள்ளே போய்ப் பழம் தேடினார். அன்றைக்கு வீட்டில் பழம் இருக்கவில்லை. இரண்டு துண்டுப் பாண் வைத்துத் தந்தார்.

கடிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். மற்றக் கடதாசித் துண்டுகளையெல்லாம் அவர் எப்போதோ எடுத்துவிட்டார். அது மட்டும் நின்றது. அவர் மகள் வீட்டோடு போகும்வரைக்கும், மேலும் மூன்று வருஷம், நான் கறியோடு ஏறுகிற ஒவ்வொரு நாளும் அதைப் பார்ப்பேன். ஒரு பக்கம் முழுக்க மருமகளின் வடிவான இங்கிலிஷ் எழுத்து, கீழே கோணலாக என் பெயர். அந்தக் கடதாசியில் எனக்கு வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான்.